பதில் வந்தது, விசாரணை வரவில்லை

(ஜெராம் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்குக் கூடும் இக்கூட்டத்தில், இன்று வேறொரு பொருளைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறோம். ஒரு சர்க்கார், தன் பாதுகாப்பில் உள்ள குடிகளையே கொன்றுவிட்டால், அல்லது அவர்களைக் கொன்றவர்களுக்கு உடந்தையாக நின்றுவிட்டால், அதைக் கேட்பவர் யார்? பார்லிமெண்டில் அதைக் கேட்டால் எத்தகைய பதில் வரும்? வந்த பதிலை நாம் எப்படி எடைபோட வேண்டும்? இவையே இன்று நாம் சிந்திக்க வேண்டிய கேள்விகள்.

“இது தொழிற்சங்கத்தின் வேலையா?” என்று சிலர் கேட்கக்கூடும். ஆம், இது நம் வேலைதான். ஏனெனில் நாம் சொல்லப்போகும் சம்பவம் ஒரு ரப்பர் தோட்டத்தில் நடந்தது. மாண்டவர்கள் தோட்டத்திலே குடியிருந்து பாடுபட்டவர்கள். அந்த இடமும் தூர தேசத்தில் இல்லை. நம் சிலாங்கூர் மாநிலத்திலேயே, நம் கோலசிலாங்கூர் மாவட்டத்துக்கு அடுத்த உலு சிலாங்கூரில் இருக்கிறது. அந்தப் பக்கத்து மலைகளில் ஊற்றெடுத்து வரும் ஆறுதான் நம் கோலசிலாங்கூரில் கடலில் கலக்கிறது. அந்த ஊரின் பெயர் பத்தாங்காலி.

தோழர்களே! 1948-ம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலச் சட்டம் பிரகடனமாயிற்று. கம்யூனிஸ்டு கெரில்லாக்கள் காட்டுக்குள் சென்றனர். பிரிட்டிஷ் துருப்புகள் அவர்களைத் தேடிப் புறப்பட்டன. அவ்வாறு தேடி வந்த ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்னும் படைப்பிரிவின் 14 சிப்பாய்கள், போலீசாரோடு சேர்ந்து, டிசம்பர் 11-ம் தேதி பத்தாங்காலிக்கு அருகிலுள்ள சுங்கை ரிமோக் தோட்டத்துக் குடியிருப்பில் நுழைந்தார்கள். ஆணையிடும் ராணுவ அதிகாரி எவரும் உடன் வரவில்லை; சார்ஜண்டுகளே தலைமை தாங்கினார்கள். அங்கே வசித்தவர்கள் சீனத் தொழிலாளர் குடும்பங்கள். ஆண்களை ஒரு பக்கமும் பெண்களையும் குழந்தைகளையும் மறுபக்கமுமாகப் பிரித்து விசாரித்தார்கள். சுடப்போவதாகப் பொய்யாக அச்சுறுத்தியும் பார்த்தார்கள். அன்று மாலையே ஓர் இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மறுநாள் காலை, டிசம்பர் 12-ம் தேதி, பெண்களையும் குழந்தைகளையும் லாரியில் ஏற்றினார்கள். ஆண்களைச் சிறு சிறு கூட்டமாக வெளியே அழைத்துச் சென்றார்கள். பிறகு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. மேலும் 23 பேர் மாண்டனர். வீடுகள் எரிக்கப்பட்டன. மயங்கி விழுந்த ஒருவர் மட்டும் உயிர் தப்பினார். ஆக, மாண்டவர் தொகை 24. அவர்களிடம் ஆயுதம் இல்லை. அவர்களுடைய கல்லறைகள் இன்றும் உலு யாமில் இருக்கின்றன.

இது சம்பவம். இனி, சம்பவத்திற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். நம் பேச்சின் சாரம் அதில்தான் இருக்கிறது.

முதலில் வெளிவந்த செய்தி, துருப்புகளுக்குப் பெரிய வெற்றி என்பதாகும். அடுத்து, “தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர்” என்று சொன்னார்கள். தோட்ட வட்டாரத்தில் ஜனங்கள் வேறு விதமாகப் பேசத் தொடங்கினார்கள். பத்திரிகைகளில் கேள்வி எழுந்தது. சீன சர்க்காரின் பிரதிநிதியும் விளக்கம் கேட்டார். அதன் மேல் மலாயா அட்டர்னி ஜெனரல் ஒரு விசாரணை நடத்தினார். திறந்த மன்றத்தில் எந்தச் சாட்சியும் ஏறவில்லை. குறுக்கு விசாரணை இல்லை. அறிக்கையும் ஜனங்களின் கைக்கு வரவில்லை. அந்த விசாரணையின் ஏடுகள் பிற்காலத்தில் தேடியபோது கிடைக்கவும் இல்லை.

1949-ம் ஆண்டு ஜனவரி 26-ம் தேதி லண்டன் பார்லிமெண்டில் இவ்விஷயத்துக்குப் பதில் வந்தது. அப்போது குடியேற்ற நாட்டு மந்திரியாக இருந்தவர் ஆர்தர் கிரீச் ஜோன்ஸ். அவர் தொழிற்கட்சியைச் சேர்ந்தவர். தொழிற்சங்கத்திலிருந்து வளர்ந்து மந்திரியானவர். கைதிகள் முன்கூட்டியே திட்டமிட்டுத் தப்பியோட முயன்றார்கள் என்றும், துருப்புகள் சுட்டிராவிட்டால் அவர்கள் தப்பியே இருப்பார்கள் என்றும், அட்டர்னி ஜெனரல் நேரில் சென்று பார்த்துத் திருப்தி அடைந்துவிட்டார் என்றும் அவர் அறிவித்தார். கேள்விக்குப் பதில் வந்துவிட்டது. பதிவேட்டில் ஏறிவிட்டது. விஷயம் முடிந்தது!

தோழர்களே, இதை நம் தோட்டத்து வழக்கில் வைத்துப் பாருங்கள். மங்கில் பால் குறைந்தது, ஒட்டுப்பால் காணாமற்போனது, பெரட்டுக் களத்தில் எதிர்த்துப் பேசினார் என்று ஒரு தொழிலாளி மீது குற்றம் சாட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1955-ம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 14-வது பிரிவு என்ன சொல்கிறது? உரிய விசாரணை நடத்திய பிறகுதான் ஒருவரை ஒழுங்கீனத்திற்காக வேலையிலிருந்து நீக்கலாம் என்கிறது. அந்த விசாரணையில், குற்றம் சாட்டிய மண்டோரே நீதிபதியாக உட்கார்ந்தால் நாம் ஒப்புக்கொள்வோமா? சாட்சி சொல்ல வந்தவரை வாசலிலேயே நிறுத்திவிட்டு, “நான் போய்ப் பார்த்தேன், எனக்குத் திருப்தி” என்று ஒருவர் சொன்னால் அதை விசாரணை என்போமா? ஒரு வாளிப் பாலுக்கு நாம் ஒப்புக்கொள்ளாத முறையை, 24 உயிருக்கு எப்படி ஒப்புக்கொள்வது?

உடந்தை என்ற சொல்லை நாம் இங்கே விளங்கிக்கொள்ள வேண்டும். நாலு பேர் இருட்டில் கூடிச் சதி செய்தால்தான் உடந்தை என்று எண்ணிவிடக்கூடாது. சுட்டவர் ஒருவர். சுட்டது சரிதான் என்று முத்திரை குத்தியவர் ஒரு சட்ட அதிகாரி. அந்த முத்திரையை வாங்கிப் பார்லிமெண்டில் வாசித்தவர் ஒரு மந்திரி. இந்த மூவரும் ஒருவரையொருவர் கண்டிருக்கவே வேண்டியதில்லை. கீழே செய்த தவற்றை மேலே உள்ளவர் கேளாமல் விட்டால் போதும், கொலை காகிதத்துக்குள் புதைந்துவிடும்.

நான்காவதாக ஒன்று நடந்தது. அது புதுச் சட்டம். அதே 1949 ஜனவரியில் அவசரகால விதிகளில் 27-ஏ என்ற புதிய விதியைச் சேர்த்தார்கள். கைதி தப்பியோடாமல் தடுக்க உயிர்போக்கும் ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்றது அவ்விதி. அத்தோடு நிற்கவில்லை. விதி வருவதற்கு முன்பே அவ்வாறு செய்திருந்தாலும் அது செல்லும் என்று பின்தேதிக்கும் அதிகாரம் கொடுத்தது. கிராணிகளாகிய எங்களுக்கு இது நன்றாகப் புரியும். செக்ரோலில் ஒரு பெயரைப் பின்தேதியிட்டு எழுதினால் எங்கள் வேலை போய்விடும். ஒரு சர்க்காரோ பின்தேதியிட்டே சட்டம் எழுதியது!

பிறகு 21 ஆண்டுகள் மௌனம். 1957-ல் நாடு சுதந்திரம் பெற்றது. 1960-ல் அவசரகாலம் முடிந்தது. 1970-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் லண்டனில் ‘தி பீப்பிள்’ என்ற பத்திரிகை ஒரு செய்தியை வெளியிட்டது. அன்று பத்தாங்காலியில் இருந்த சிப்பாய்களில் சிலரே முன்வந்து, ஓடியவர்களை நாங்கள் சுடவில்லை, அது தப்பியோட்டமே இல்லை என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கொன்றவர்களின் மனச்சாட்சி, மந்திரியின் பதிலைப் பொய்யாக்கியது. அப்போது பாதுகாப்பு மந்திரியாயிருந்த டெனிஸ் ஹீலி விசாரணைக்கு வழிசெய்தார். லண்டன் போலீஸ் துப்பறியும் அதிகாரிகள் வேலையைத் தொடங்கினார்கள். மலேசியாவுக்கு வந்து, உயிரோடிருந்த சாட்சிகளையும் விசாரிக்கத் திட்டமிட்டார்கள். அந்த வேளையில், ஜூன் மாதம் இங்கிலாந்தில் தேர்தல் வந்தது. ஆட்சி மாறியது. அடுத்த சில வாரங்களிலேயே, சாட்சியம் போதாது என்று சொல்லி விசாரணையை நிறுத்திவிட்டார்கள். சாட்சிகள் பத்தாங்காலியில் காத்திருக்க, அவர்களைப் பார்க்காமலேயே சாட்சியம் போதாது என்று சொன்னால், இந்த வழக்கின் தன்மை வேறெப்படி விளங்கும்?

1992-ல் பி.பி.சி. இதைப் பற்றிப் படமெடுத்துக் காட்டியது. 1993-ல் பாதிக்கப்பட்ட குடும்பத்தார் நம் நாட்டுப் போலீசில் புகார் செய்தனர். இங்கே சாட்சிகளை விசாரித்தார்கள். இங்கிலாந்தில் இருந்த சிப்பாய்களையோ விசாரிக்க முடியவில்லை. 1997-ல் கோப்பு மூடப்பட்டது. 2008-ல் குடும்பத்தார் பிரிட்டிஷ் மகாராணியாருக்கு மனுக் கொடுத்தார்கள். பொது விசாரணை வேண்டும் என்று கேட்டார்கள். பிரிட்டிஷ் சர்க்கார் மறுத்தது. மறுபடியும் யோசிப்பதாகச் சொல்லி, 2010 நவம்பரில் மறுபடியும் மறுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், 1948-ல் இளம்பெண்ணாக இருந்து தன் மணமகனாக நிச்சயிக்கப்பட்டவரைப் பறிகொடுத்த மூதாட்டி ஒருவர், பதில் கிடைக்காமலே கண் மூடினார்.

வழக்கு லண்டன் கோர்ட்டுகளில் ஏறியது. 2012-ல் ஹைகோர்ட்டிலும் 2014-ல் அப்பீல் கோர்ட்டிலும் குடும்பத்தார் தோற்றனர். 2015-ம் ஆண்டு நவம்பர் 25-ம் தேதி பிரிட்டிஷ் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ஐந்து நீதிபதிகளில் நால்வர், காலம் கடந்துவிட்டது, ஆகவே விசாரணை நடத்தும்படி சர்க்காரைக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்றார்கள். ஹேல் அம்மையார் ஒருவரே மாறுபட்டுத் தீர்ப்பளித்தார். தோற்கடித்த நீதிபதிகளில் ஒருவரான கெர் பிரபு கூட, இன்று கிடைக்கும் சாட்சியங்களில் பெரும்பாலானவை, குற்றமற்றவர்கள் இரக்கமின்றிக் கொலையுண்டார்கள் என்றே காட்டுகின்றன என்று எழுதினார். 2018-ல் ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட்டும் மனுவை ஏற்கவில்லை.

தோழர்களே, இதைச் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். 1949-ல் “விசாரணை முடிந்துவிட்டது” என்றார்கள். 1970-ல் “சாட்சியம் போதாது” என்றார்கள். 2015-ல் “காலம் கடந்துவிட்டது” என்றார்கள். காலத்தைக் கடத்தியவர் யார்? கேட்டவர்களா, பதில் சொல்ல வேண்டியவர்களா? கடனைத் திருப்பித் தராதவன், நாளை இழுத்தடித்துவிட்டு, “கடன் பத்திரம் காலாவதியாகிவிட்டது” என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

“இது சீனத் தோழர்களின் விஷயம், தமிழர்களாகிய நமக்கு என்ன?” என்று கேட்பவர்களுக்கு நம் வரலாற்றையே காட்டுவோம். நம் பாட்டன்மார் காலத்து 1941-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் ஆர். எச். நாதன் முதலியோரின் தலைமையில் எழுந்தது. அவர்கள் கேட்டவை என்ன? சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் சம்பளத்தை எங்களுக்கும் கொடு. பிள்ளைகளுக்கு நல்ல பள்ளிக்கூடம் கொடு. கள்ளுக்கடையை மூடு. எங்கள் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்து. துரையையோ அதிகாரியையோ கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவை ஒழி. கூடிப் பேசும் உரிமையைக் கொடு. இவ்வளவுதான்.

அதற்குப் பதிலாக மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பிறகு நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. மே 16-ம் தேதி சிலாங்கூரில் அவசரநிலை பிரகடனமாயிற்று. துருப்புகள் தோட்டங்களுக்குள் வந்தன. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிரிழந்தனர். பலர் சிறைப்பட்டனர், பலர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்தச் சூட்டிற்காக எந்த அதிகாரியும் குற்றவாளிக் கூண்டில் நிற்கவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். மாண்ட ஐவரின் கணக்கு அதோடு மூடப்பட்டது. காப்பாரிலும் ஜெராமிலும் வாழும் நம்மில் எத்தனை பேருக்கு அந்த ஐவரின் பெயர் தெரியும்?

அடுத்து 1949. அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதியைக் கைத்துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றஞ்சாட்டி, மே மாதம் 4-ம் தேதி பூடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இந்திய சர்க்கார் கருணை காட்டும்படி கேட்டும் பயனில்லை. அதற்கு முன்நாள்தான் மற்றொரு சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். சம்மேளனமோ முந்திய ஆண்டே பதிவு மறுக்கப்பட்டு மடிந்துபோயிற்று. 1948 ஜூனில் திருத்திய தொழிற்சங்கச் சட்டமே அதற்கு வழிசெய்தது. ஒரே தொழிலைச் சேர்ந்த சங்கங்கள்தான் ஒன்றுகூடலாம், சங்க நிர்வாகி அத்தொழிலில் மூன்று ஆண்டாவது இருந்திருக்க வேண்டும் என்றெல்லாம் கட்டு போட்டது. கணபதியின் அரசியலை ஒப்புபவர் நம்மில் இருக்கலாம், ஒப்பாதவரும் இருக்கலாம். ஆனால், பத்தாங்காலியின் கதை மந்திரியின் வாயால் முடித்துவைக்கப்பட்ட அதே ஆண்டில், அதே அவசரகாலச் சட்டத்தின் கீழ்தான் நம் தலைவர் தூக்கு மேடை ஏறினார் என்பதை மறக்கலாகாது. ஒரு வீட்டுக்குள் நுழைந்த தீ, அடுத்த வீட்டுக்காரரின் சாதி பார்த்து நிற்பதில்லை.

மறுபக்கத்து நியாயத்தையும் நாம் சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் காட்டிலிருந்தவர்களும் கொன்றார்கள். 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட்டில் மூன்று துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதன் பிறகே அவசரகாலம் வந்தது. பால் வெட்டப் போன தொழிலாளர்களும் கண்டக்டர்களும் கெரில்லாக்களால் மாண்டார்கள். அந்தக் குடும்பங்களின் துயரமும் துயரமே. ஆனால் கெரில்லா பிடிபட்டபோது அவன் மீது வழக்கு இருந்தது, தண்டனை இருந்தது, தூக்கு இருந்தது. சர்க்காரின் சீருடை அணிந்தவன் தவறு செய்தபோது என்ன இருந்தது? பார்லிமெண்டில் வாசித்த ஒரு பதில் மட்டுமே இருந்தது. சட்டத்தைக் காக்க வந்ததாகச் சொல்பவர், சட்டத்துக்கு முன்பாகத் தாமும் நிற்க வேண்டும். அதை மட்டுமே நாம் கேட்கிறோம்.

“முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. சுட்டவரும் செத்தார், சுடப்பட்டவரும் செத்தார். இனிக் கிளறி என்ன பயன்?” என்றும் சிலர் சொல்வார்கள். உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

மலாக்கா நீரிணைக்கு அப்பால் இந்தோனேசியாவில் ராவகெடே என்ற கிராமம். பத்தாங்காலிக்கு ஓராண்டு முன்பு, 1947 டிசம்பர் 9-ம் தேதி, டச்சுத் துருப்புகள் அங்கே ஆண்களை நிறுத்திச் சுட்டன. அங்கும் காலம் கடந்துவிட்டது என்றுதான் டச்சு சர்க்கார் வாதாடியது. ஆனால் 2011 செப்டம்பரில் ஹேக் நகரத்துக் கோர்ட், அந்த வாதத்தை விதவைகளிடம் எடுத்துப் பேசுவது நியாயமாகாது என்று தள்ளிவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி, டச்சுத் தூதர் அந்தக் கிராமத்துக்கே சென்று, மக்கள் முன் மன்னிப்புக் கேட்டார். விதவைகளுக்குத் தலைக்கு 20,000 யூரோ கிடைத்தது.

கென்யாவில் 1950-களில் நடந்த அவசரகாலத்தில் சித்திரவதைப்பட்டவர்கள் லண்டனில் வழக்குத் தொடுத்தனர். 2013 ஜூன் 6-ம் தேதி, வெளியுறவு மந்திரி வில்லியம் ஹேக், அதே பார்லிமெண்டில் எழுந்து வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்கு ஏறத்தாழ 2 கோடி பவுன் தருவதாக அறிவித்தார். ஆக, அந்த மன்றத்தால் முடியாத காரியம் இல்லை இது.

இன்னுமொன்று, வட அயர்லாந்தில் நடந்தது. 1989-ல் பேட் ஃபினுகேன் என்ற வக்கீல் அவருடைய வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சர்க்காரின் ரகசியப் பிரிவினரும் கொலையாளிகளும் உடந்தை என்று குடும்பத்தார் விடாமல் சொல்லி வந்தார்கள். 2012 டிசம்பர் 12-ம் தேதி — பத்தாங்காலி நடந்த அதே தேதியில் — பிரதமர் டேவிட் கேமரன் பார்லிமெண்டிலேயே அந்த உடந்தையை ஒப்புக்கொண்டார். அதோடு குடும்பத்தார் ஓயவில்லை. ஒப்புக்கொண்டது போதாது, சாட்சிகளை அழைக்கும் பொது விசாரணை வேண்டும் என்று பார்லிமெண்ட் வாசலிலும் கோர்ட் வாசலிலும் நின்றார்கள். 2024 செப்டம்பரில் அந்த விசாரணைக்கு ஒப்புதல் கிடைத்தது. 35 ஆண்டுகள்! ஒரு குடும்பம் கேட்டுக்கொண்டே இருந்ததனால் கிடைத்தது.

ஆகவே, பயன் உண்டு. முதலாவது, மாண்டவர்மேல் ஒட்டிய பழி நீங்கும். பத்தாங்காலியில் மாண்ட 24 பேரும் இன்றுவரை சர்க்காரின் ஏட்டில் தப்பியோட முயன்ற சந்தேகப்பேர்வழிகள்தாம். ஒரு தகப்பனின் பெயரைத் துடைப்பது, மகனுக்கும் பேரனுக்கும் சின்ன விஷயமா? இரண்டாவது, நாளைக்கு ஒரு சீருடைக்காரன் துப்பாக்கியை உயர்த்துமுன், இதற்கு நான் பதில் சொல்ல நேரும் என்று நினைக்க வேண்டும். அந்த நினைப்பு இல்லாத நாட்டில் தோட்டத் தொழிலாளிக்குப் பாதுகாப்பு கிடையாது.

சரி, நாம் என்ன செய்வது?

முதலில், நம் நாடாளுமன்றத்தில் இருக்கும் நம் பிரதிநிதிகளை நாம் கேட்க வேண்டும். தேர்தல் காலத்தில் தோட்டத்துக் கோயில் திடலுக்கு வருகிறவர்கள், மற்ற காலத்தில் நம் கேள்வியை மன்றத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பொதுப்படையான கேள்விக்குப் பொதுப்படையான பதில்தான் வரும் என்பதைப் பத்தாங்காலி நமக்குக் கற்றுத் தருகிறது. ஆகவே குறிப்பாகக் கேட்கச் சொல்வோம். 1993 முதல் 1997 வரை நம் போலீசார் திரட்டிய சாட்சியங்கள் எங்கே? அவற்றைக் குடும்பத்தார் பார்க்கலாமா? நம் நாட்டில் 1950-ம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஓர் அரச ஆணையத்தை அமைத்து, மிஞ்சியுள்ள சாட்சிகளின் வாய்மொழியைப் பதிவு செய்வதில் என்ன தடை? 1941 கிள்ளான் துப்பாக்கிச் சூட்டின் ஏடுகளைத் தேடித் தர பிரிட்டிஷ் சர்க்காரிடம் நம் சர்க்கார் கேட்குமா? லண்டன் கோர்ட் கதவை மூடிவிட்டது என்பதால் நம் கதவையும் நாமே மூடிக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது, ஏடுகளைக் காப்பாற்ற வேண்டும். சர்க்கார் ஏடுகளின் கதியைக் கேளுங்கள். 1957-ல் பிரிட்டிஷார் வெளியேறியபோது, மலாயாவின் ரகசியக் காகிதங்களை ஐந்து லாரிகளில் ஏற்றிச் சிங்கப்பூர்க் கடற்படையின் எரியுலைக்குக் கொண்டுபோய் எரித்தார்கள். எரியாமல் தப்பிய குடியேற்ற நாட்டுக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இங்கிலாந்தில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த விஷயம் 2011-ல் தான் வெளிவந்தது. அவர்கள் எரித்தார்கள், ஒளித்தார்கள். நாமோ கைவிட்டுக்கொண்டிருக்கிறோம். தோட்டம் விற்பனையாகி வீடமைப்புத் திட்டமாகும்போது, ஆபீஸ் அறையின் பழைய செக்ரோல் புத்தகங்கள், பிறப்பு இறப்புப் பதிவுகள், ஆஸ்பத்திரிக் குறிப்புகள் எல்லாம் குப்பையோடு போகின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் இதுவே நடந்தது. ஒருவர் எந்தத் தேதிவரை வேலைக்கு வந்தார், எந்தத் தேதியிலிருந்து அவர் பெயருக்கு நேரே கோடு விழுந்தது என்பதைச் சொல்லும் சாட்சி அந்தப் புத்தகம். கிராணிமார்களே, அது நம் கையில் உள்ள காரியம். நிர்வாகத்திடம் முறைப்படி கேட்டுப் பெற்று, சங்கத்திலோ தேசிய ஆவணக் காப்பகத்திலோ சேர்ப்பிப்போம்.

மூன்றாவது, தாய்மார்களுக்குச் சொல்கிறோம். உங்கள் வீட்டில் எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கும் பெரியவர்கள், அவசரகாலத்தில் முள்வேலிக்குள் குடியேற்றப்பட்டதையும், அரிசி அளந்து கொடுக்கப்பட்டதையும், இரவில் வந்தவர்களையும் பகலில் வந்தவர்களையும் கண்டு நடுங்கியதையும் நினைவில் வைத்திருப்பார்கள். அவர்கள் பெற்றோர் சொன்ன 1941-ம் ஆண்டுச் செய்திகளும் சிலரிடம் இருக்கும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகளை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். பெயர், தோட்டம், ஆண்டு, கண்ணால் கண்டது எது, காதால் கேட்டது எது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். குறைத்தும் சொல்ல வேண்டாம். உண்மைக்குப் பொய்யின் துணை தேவையில்லை.

இந்தக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களைச் சமர்ப்பிக்கிறோம். பத்தாங்காலி 24 பேரின் மரணம் குறித்துப் பொது விசாரணை வேண்டும் என்பது ஒன்று. 1941 கிள்ளான் வட்டார வேலைநிறுத்தத்தில் மாண்ட தொழிலாளரின் பெயர்களைக் கண்டறிந்து பதிவு செய்ய வேண்டும் என்பது இரண்டு. மூடப்படும் தோட்டங்களின் ஏடுகளை அழிக்காமல் காப்பகத்தில் சேர்க்கச் சர்க்கார் உத்தரவிட வேண்டும் என்பது மூன்று. இவற்றை எழுத்தில் வடித்து, இவ்வட்டாரச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் நேரில் கொடுப்போம். கொடுத்த தேதியைக் குறித்து வைப்போம். பதில் வந்தால் அதை இப்பத்திரிகையில் வெளியிடுவோம். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையும் தேதியோடு வெளியிடுவோம்.

வந்த பதில் எப்படிப்பட்டது என்று எடைபோடவும் இன்று கற்றுக்கொண்டோம். யார் விசாரித்தார்? குற்றம் சாட்டப்பட்டவருக்கு அவர் வேண்டியவரா? சாட்சிகளைக் கேட்டாரா? எழுதியதை எல்லோரும் படிக்கலாமா? இந்த நாலு கேள்விக்கும் விடையில்லாத பதில், எந்த மன்றத்தில் எந்த மந்திரி வாசித்தாலும், நமக்குப் பதிலாகாது.

தீர்மானங்களை ஆதரிப்போர் கை உயர்த்துமாறு தலைவர் அவர்கள் கேட்பார்கள். தமிழ், மலாய், சீனத் தோழர் என்ற பேதமின்றி அனைவரும் ஆதரிக்க வேண்டுகிறோம்.